முண்டு வத்தலுக்கு முத்திரை வந்து ரெண்டு வருஷம், மூடைக்கு என்ன கூடுச்சு?

2 மார்ச் 2025, காலை (கேள்வி)

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு (உருண்டையா இருக்கிற வத்தல்) புவிசார் குறியீடு, அதான் இந்த ஊர்ல விளைஞ்ச சரக்குக்கு மட்டும்தான் இந்தப் பேர்ங்கிற முத்திரை, கிடைச்சு ரெண்டு வருஷம் முடிஞ்சிருச்சு. அப்போ பேப்பர்ல 'விவசாயிகள் மகிழ்ச்சி'னு போட்டோவோட வந்தது ஞாபகம் இருக்கு. நான் சென்னையில இருக்கேன். இங்க கடையில 200 கிராம் பாக்கெட் 110 ரூபா. அதுல விவசாயிக்கு முன்னைவிட எவ்வளவு கூடப் போகுது? வெள்ளாமை வைக்கிறவங்க யாராவது கணக்காச் சொல்லுங்க. 'நல்ல திட்டம்', 'எல்லாம் ஏமாத்து'ங்கிற மாதிரி பதில் வேணாம்.

2 மார்ச் 2025, இரவு

முதுகுளத்தூர்ப் பக்கம் ரெண்டு ஏக்கர், மானாவாரி முண்டு. ஒரு பண்ணைக்குட்டை இருக்கு, கடைசி ரெண்டு தண்ணிக்கு அதுதான். கூடுச்சாங்கிறதுக்கு என் பதில்: கூடுச்சு. 2022ல குவிண்டால் 19,000க்குப் போட்டோம். 2023 பிப்ரவரியில குறியீடு வந்தது, அந்த வருஷம் 26,500க்குப் போட்டோம். ஏழாயிரத்து ஐநூறு ரூபா சும்மா கூடிருமா தம்பி? எங்க ஊர்ல அந்த வருஷம் மூணு பேர் பைக் மாத்தினாங்க.

3 மார்ச் 2025

ஒரு திருத்தம். 26,500ங்கிறது முதல் ரெண்டு பறிப்புச் சரக்குக்கு மட்டும். கடைசிப் பறிப்பு, சண்டு (வெளுத்துப்போன மட்ட வத்தல்) எல்லாம் சேர்த்தா சராசரி 22,000க்குள்ளதான் வரும். நேத்து சொன்னது எல்லாரும் கல்யாண வீட்டுல சொல்ற விலை.

6 மார்ச் 2025

நேத்து அப்பாகிட்ட இதைச் சொன்னேன். ஒண்ணும் பேசாம தகரப் பெட்டியைத் திறந்து சரக்கு வித்த சிட்டைக் கட்டை எடுத்துப் போட்டார். எங்க அப்பா கமிஷன் கடைச் சிட்டை ஒண்ணைக்கூடத் தொலைச்சதில்லை. அதைப் பார்த்ததும் நான் ரெண்டாந்தேதி எழுதினது தப்புனு தெரிஞ்சுபோச்சு.

விலை ஏற ஆரம்பிச்சது குறியீடு வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே. 2021ல 14,000. 2022ல 19,000. அதே ஓட்டத்துலதான் 2023ல 26,500. காரணம் எங்க மிளகாய் இல்லை, ஆந்திரா. 2021-22 பருவத்துல ஆந்திரா, தெலங்கானாவுல கருப்பு இலைப்பேன்ங்கிற பூச்சி விழுந்து பூவெல்லாம் கொட்டி வெள்ளாமை நாசமாப் போச்சு. ஆந்திராவோட குண்டூர் சந்தையில சரக்கு குறைஞ்சா விருதுநகர்ல விலை ஏறும், விருதுநகர்ல ஏறினா எங்க மண்டியில ஏறும். குறியீடு வந்தது ஏற்கனவே ஓடிட்டு இருந்த பஸ்ல ஏறி உக்காந்த மாதிரி. டிரைவர் அது இல்லை.

அது டிரைவரா இருந்திருந்தா 2024ல 18,000க்கும் இந்த வருஷம் 13,000க்கும் இறங்கிருக்காதே. முத்திரை அப்படியேதான் இருக்கு, யாரும் பிடுங்கிட்டுப் போகலை.

அங்க விளையிற குண்டூர் சன்னம் மிளகாய்க்கும் புவிசார் குறியீடு இருக்கு, நமக்கு ரொம்ப முன்னாடியே வாங்கிட்டாங்க. ஆனா போன மாசம் ஆந்திர மிளகாய்க்கு விலை விழுந்து மத்திய அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்துல குவிண்டாலுக்கு 11,781 ரூபானு அறிவிக்க வேண்டியதாப் போச்சு. கர்நாடகாவுல பேடகி மிளகாய், அதுவும் குறியீடு வாங்கின சரக்கு. நிறத்துக்காகவே கம்பெனிக்காரன் தேடிப் போய் வாங்குவான். 2024 மார்ச்ல அந்த மார்க்கெட்ல விலை சரிஞ்சப்போ விவசாயிங்க வண்டிக்குத் தீ வச்சாங்க, மார்க்கெட் கமிட்டி ஆபீஸை நொறுக்கினாங்க. குறியீடு விலையைத் தாங்கிப் பிடிக்கும்னு யாராவது சொன்னா அந்த வீடியோவைப் பார்க்கச் சொல்லுங்க.

ஆக, என் முதல் பதில் ரத்து. பைக் வாங்கினது மட்டும் உண்மை.

9 மார்ச் 2025

'அப்போ முத்திரைக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லையா'னு கேட்டிருக்கீங்க. சம்பந்தம் எங்க அறுந்துபோகுதுனு சொல்றேன். நேத்து சந்தை. போய்ட்டு வந்த சூட்டோட எழுதுறேன்.

விடிகாலை நாலு மணிக்கு டாடா ஏஸ்ல பதினோரு மூடை, எங்களுது நாலு, மத்தது மூணு வீட்டுக்காரங்களுது. கடை வாசல்ல இறக்கி வரிசையா அடுக்கணும். மூடை வாயைக் கொஞ்சமாப் பிரிச்சு வைக்கணும். வியாபாரி வருவார், கையை முழங்கை வரைக்கும் உள்ள விட்டு அடியில இருந்து ஒரு பிடி எடுப்பார். மேல இருக்கிறது நல்ல வத்தல்னு அவருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். எடுத்ததைக் கையில பரப்பி சண்டு எத்தனைனு எண்ணுவார். சண்டுனா நிறம் போய் வெளுத்தது, வெயில் படாம வெந்தது, மழைத்தண்ணி பட்டது. அப்புறம் ஒண்ணை எடுத்துக் காதுகிட்ட வச்சு ஆட்டுவார். முண்டு நல்லாக் காய்ஞ்சிருந்தா உள்ள விதை கலகலனு கொலுசு மாதிரி சத்தம் போடும். நீளமா இருக்கிற சம்பா வத்தல்ல இந்தச் சத்தம் வராது. சத்தம் மந்தமா இருந்தா ஈரம், கிலோவுக்கு அஞ்சு ரூபா அங்கயே போச்சு.

அவ்வளவுதான் பரிசோதனை. ஒரு நிமிஷம்கூட இல்லை. விலை சொல்லிட்டு அடுத்த மூடைக்குப் போயிருவார். எடை போட்டதும் கடைப்பையன் மூடை மேல மை வச்சு கடையோட குறி போடுவான். அந்தச் சாக்குல என் பேர் கிடையாது, ஊர்ப் பேர் கிடையாது, 'ராமநாதபுரம் முண்டு'னும் கிடையாது. மதியத்துக்குள்ள என் நாலு மூடையும் வேற எவனோ ஒருத்தனோட நாற்பது மூடையோட கலந்து லாரியில ஏறிரும்.

பேர் அதுக்கப்புறம்தான் ஒட்டுது. பாக்கெட் போடுறவர் ஒட்டுறார். நீங்க சென்னையில 110 ரூபா கொடுக்கிறப்போ அந்தப் பேருக்கும் சேர்த்துக் கொடுக்கிறீங்க. எனக்கு வந்தது பேரில்லாத வத்தலோட விலை.

10 மார்ச் 2025

'ஒவ்வொரு வத்தலுக்கும் ஸ்டிக்கர் ஒட்டினா என்ன'னு கேட்ட அண்ணாச்சிக்கு: ஆப்பிளுக்கு ஒட்டுறாங்க, சரி. ஒரு கிலோ முண்டுல எத்தனை வத்தல்னு எண்ணிப் பார்த்துட்டு நீங்களே வந்து ஒட்டுங்க. டீ, வடை நம்ம செலவு.

15 மார்ச் 2025

குறியீட்டுச் சட்டம் பத்தி ரெண்டு பேர் மாத்தி மாத்தி எழுதிருக்கீங்க. எனக்குத் தெரிஞ்சது: சட்டம் 1999ல போட்டது, 2003 செப்டம்பர்ல நடைமுறைக்கு வந்தது. பதிவகம் நம்ம கிண்டியிலதான் இருக்கு, நாட்டுக்கே அது ஒண்ணுதான். முதல் பதிவு டார்ஜிலிங் தேயிலை.

முக்கியமா நிறையப் பேருக்குத் தெரியாதது, பதிவேடு ரெண்டு பகுதி. முதல் பகுதியில பொருளும் அதைப் பதிவு பண்ணின அமைப்பும். ரெண்டாவது பகுதியில அந்தப் பேரைப் பயன்படுத்த அனுமதி வாங்கின ஒவ்வொரு ஆளும். சங்கமோ கம்பெனியோ பதிவு பண்ணிட்டா ஊர்ல எல்லாருக்கும் உரிமை வந்திருச்சுனு நினைச்சுக்கிறோம். நான் பாக்கெட் போட்டு 'ராமநாதபுரம் முண்டு'னு முத்திரையோட விக்கணும்னா ரெண்டாவது பகுதியில என் பேர் ஏறணும். அதுக்குத் தனி விண்ணப்பம். நான் விளைவிக்கிறேன்ங்கிறதுக்கு ஆதாரம், பதிவு பண்ணின அமைப்புக்கு நகல் அனுப்பினதுக்கு ஆதாரம், அப்புறம் பதிவகத்தோட இதழ்ல வெளியிட்டு ஆட்சேபணை இருக்கானு பார்க்கிறது.

கட்டணம் 500 ரூபா, ஏழைக்கு இது நியாயமானு ஒருத்தர் கொதிச்சிருந்தார். 2020ல 10 ரூபா ஆக்கிட்டாங்க அண்ணே. கட்டணம் பிரச்சினையே இல்லை. பிரச்சினை பட்டா. எங்க நிலம் இன்னும் தாத்தா பேர்ல. தாத்தா இறந்து பத்தொன்பது வருஷம். அப்பா கூடப்பிறந்தவங்க நாலு பேர், ஒருத்தர் சூரத்ல, கையெழுத்துப் போட இன்னும் வரலை. அடங்கல்ல (எந்த நிலத்துல என்ன வெள்ளாமைனு எழுதுற கிராமக் கணக்கு) மிளகாய்னு ஏறிருக்கானு பார்க்கப் போனா ஒரு வருஷம் நெல்லுனு இருந்தது. நெல்லு போட்டது என் கல்யாணத்துக்கும் முன்னாடி. ஒரு ஆபீஸ்ல 'மிளகாய்க்கு எதுக்குப்பா சர்டிபிகேட், வித்துட்டுப் போ'னு சொன்னாங்க. குத்தகைக்கு வெள்ளாமை வைக்கிறவன் கதையை யோசிச்சுப் பாருங்க, அவன்கிட்ட வாய்ப்பேச்சைத் தவிர ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

விண்ணப்பம் போட்டுட்டேன். பார்ப்போம்.

23 மார்ச் 2025

போலியைப் பிடிச்சா விலை தானா ஏறும்ங்கிறது ஒரு கட்சி. சட்டத்துல பல் இருக்கு. பொய்யா அந்தப் பேரைப் போட்டா ஆறு மாசத்துக்குக் குறையாம மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். ஆனா யார் புகார் கொடுக்கிறது? நான் கொடுத்து, வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறிப் போய், அதுக்குள்ள ரெண்டு பறிப்பு முடிஞ்சிரும்.

இன்னொண்ணு, மனசுல கிடந்து உறுத்துறதையும் சொல்லிடுறேன். போலினா வெளியூர்க்காரன் மட்டும்னு பேசுறோம். எங்க சொந்தத்துலயே ஒரு மாமா போன வருஷத்துக் குளிர்பதனக் கிடங்குச் சரக்கைப் புதுசோட கலந்து மூடை கட்டுவார். முண்டு வயலுக்குப் பக்கத்துலயே சம்பா போட்டு, தேனீ ரெண்டுக்கும் போய், மூணாவது வருஷம் விதையில வர்ற காய் உருண்டையும் இல்லாம நீளமும் இல்லாம விரல் வீங்கின மாதிரி இருக்கும். அதையும் முண்டுனுதான் விக்கிறோம். முத்திரைக்கு உண்மையா இருக்கணும்னா முதல்ல விதையை ஒழுங்கா எடுக்கணும். நான் உட்பட.

6 ஏப்ரல் 2025

இந்த வாரம் குறியீடு வாங்கினதுல இன்னொரு பட்டியல் வந்திருக்கு. விருதுநகர் சம்பா வத்தல், பண்ருட்டி பலா, பண்ருட்டி முந்திரி, புளியங்குடி எலுமிச்சை, செட்டிகுளம் சின்ன வெங்காயம், எங்க ராமநாதபுரம் சித்திரைக்கார் அரிசி. சோறும் காரமும் எங்களுது, ஊறுகாய்க்கு எலுமிச்சை புளியங்குடியில இருந்து வந்திரும். இனி கமிஷன் கடைத் தராசுக்கும் ஒண்ணு வாங்கிட்டா பந்தி முழுசு. அந்தத் தராசும் உலகத்துல வேற எங்கயும் கிடைக்காது.

பேச்சு மாறினாலும் மாறட்டும், கோவில்பட்டி கடலைமிட்டாயைப் பத்தி ஒருத்தர் கேட்டார். அதுக்குக் குறியீடு 2020ல. அங்க ஓரளவு வேலை செய்யுதுனுதான் நினைக்கிறேன், காரணம் எளிமை. மிட்டாய் போடுறவரே பாக்கெட்டும் போடுறார். பேர் ஒட்டுற கையும் காசு வாங்குற கையும் ஒண்ணு. ஆனா அதுல போற கடலை? கரிசல்ல கடலை போட்டவருக்கு அந்தப் பேரால காலணா கூடினதா நான் கேள்விப்பட்டதில்லை. பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019ல கொடுத்தாங்க. அதுல சேர்ற விருப்பாச்சி வாழைக்கு 2008லயே கொடுத்தாச்சு. அப்போ அந்த வாழையே மலையில பாதி காணாமப் போயிருந்தது. எழுபதுகள்ல பழனி மலையடுக்குல பதினெட்டாயிரம் ஹெக்டேர் இருந்ததுனு சொல்வாங்க, முடிக்கொத்துங்கிற வாழை நோய் வந்து ரெண்டாயிரத்துக்குச் சுருங்கிருச்சு. செத்துட்டு இருக்கிற ஆளுக்குப் பொன்னாடை போர்த்தின மாதிரி.

மதுரை மல்லிக்கு 2013ல வந்தது. மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில முகூர்த்த நாள்னா கிலோ ஆயிரக்கணக்குல போகும், மறுவாரமே பறிகூலிக்குக் கட்டாம செடியிலயே விடுவாங்க. மல்லிக்கு விலை வைக்கிறது பஞ்சாங்கம். பதிவகம் இல்லை.

7 ஏப்ரல் 2025

மேல 'காலணா கூடினதா கேள்விப்பட்டதில்லை'னு எழுதினதுக்கு ஒருத்தர் திட்டிருக்கார், நீ எத்தனை கடலை விவசாயியைப் பார்த்தேனு. ரெண்டு பேரை. ஒருத்தர் என் மச்சினன். ஒத்துக்கிறேன், ரெண்டு பேரை வச்சு முடிவு சொல்லக்கூடாது.

20 ஏப்ரல் 2025

தம்பி கேட்ட கணக்கு இப்போதான் கைக்கு வந்தது. பொறுமையா வாசிங்க.

இந்தப் பருவம் ஒரு உற்பத்தியாளர் குழு (பதிவு பண்ணின அமைப்பு இல்லை, வேற) எங்க ஊருக்கு வந்து, முத்திரை போட்டு பாக்கெட்ல விக்கப்போறோம், நல்ல முண்டு கொடுத்தா கிலோ 165னு சொன்னாங்க. மண்டியில அன்னைக்கு 130. கிலோவுக்கு 35 ரூபா கூட. துள்ளிக் குதிச்சோம்.

நான் நூறு கிலோ எடுத்துக்கிட்டேன். அவங்க கேட்ட மாதிரி காம்பு உடையாம, ஒரே நிறம், ஒரே உருண்டைனு தரம் பிரிச்சோம். பிரிச்சு முடிச்சா 62 கிலோதான் தேறுச்சு. மிச்சம் 38 கிலோ. இந்த 38 கிலோவை மண்டிக்குக் கொண்டு போனப்போதான் விஷயம் புரிஞ்சது. நல்லதை எல்லாம் பொறுக்கி எடுத்தபிறகு மிஞ்சினது எப்படி இருக்கும்? வியாபாரி கையை விட்டு எடுத்தார், 85னு சொல்லிட்டுப் போயிட்டார். நல்ல வத்தலோட கலந்திருந்தா அதே 38 கிலோவும் 130க்குப் போயிருக்கும். மண்டியில நல்லது சுமாரைத் தூக்கிட்டுப் போகும். குழுவுக்குக் கொடுத்தா நல்லது மட்டும் மேல போகுது, சுமார் தனியா விழுது.

62 × 165 = 10,230. 38 × 85 = 3,230. மொத்தம் 13,460. தரம் பிரிக்க ரெண்டு ஆள் ஒரு நாள், 600. மிச்சம் 12,860. எதுவும் பிரிக்காம நூறு கிலோவையும் மண்டியில போட்டிருந்தா 13,000.

முத்திரையால எனக்கு நூத்தி நாப்பது ரூபா நட்டம்.

21 ஏப்ரல் 2025

நேத்துப் போட்ட கணக்கு தப்பு. மண்டிக் கழிவை விட்டுட்டேன். சுட்டிக்காட்டின பரமக்குடி அண்ணனுக்கு வணக்கம், கமிஷன் கடையில கணக்கு எழுதினவராம், பிறகு விடுவாரா.

மண்டியில நூறு கிலோ நாலு மூடை. மூடைக்கு ஒரு கிலோ கழிவு, ஆக 96 கிலோ × 130 = 12,480. கமிஷன் நூத்துக்கு மூணு, 374. இறக்குகூலி மூடைக்கு 15, ஆக 60. கையில 12,046.

குழு வழியில 10,230 முழுசா வந்தது, கழிவு இல்லை, எலெக்ட்ரானிக் தராசு, வீட்டு வாசல்லயே எடை. மிச்சம் 38 கிலோ ரெண்டு மூடை, கழிவு போக 36 × 85 = 3,060, கமிஷன் 92, இறக்குகூலி 30, கையில 2,938. ரெண்டும் சேர்த்து 13,168. ஆள்கூலி 600 போக 12,568.

வித்தியாசம் 522 ரூபா, லாபம். நூறு கிலோவுக்கு. கிலோவுக்கு அஞ்சே கால் ரூபா. அதுலயும் பாதி முத்திரையால வந்ததில்லை, நேரான தராசால வந்தது.

இதை அம்மாகிட்ட சொன்னேன். தரம் பிரிச்ச ரெண்டு ஆள் வேற யாருமில்லை, அம்மாவும் சித்தியும்தான். 'அப்போ அந்த அறுநூறும் நம்ம வீட்டுலதானே இருக்கு, ஆயிரத்து நூத்தி இருபத்திரெண்டு லாபம்'னேன். 'எங்க கூலியை உன் லாபத்துல சேர்க்காத'னு சொல்லிட்டாங்க. சித்தி இன்னும் அந்த முந்நூறைக் கேட்டுட்டு இருக்காங்க. ரெண்டு நாளா விரல் எரிஞ்சதுக்கு நல்லெண்ணெய் வேற.

27 ஏப்ரல் 2025

காசு எப்போ வந்ததுனு ஒருத்தர் கேட்டார். நல்ல கேள்வி. நாற்பத்தேழாவது நாள். கணக்கு லேட்டா எழுதினதுக்கு அதுதான் காரணம். மண்டியில அன்னைக்கே பணம். விதைப்புக்கு, களையெடுக்க, மருந்தடிக்கக் கடை முதலாளி முன்பணம் கொடுக்கிறார். சீட்டு கிடையாது, வட்டி வாய்ல சொல்றதில்லை, விலையில கழியும். வாங்கிட்டா சரக்கு அந்தக் கடைக்குத்தான் போகணும். எங்க தெருவுல முண்டு போடுற பதினாலு வீட்டுல குழுவுக்குக் கொடுத்தது அஞ்சு வீடு. அந்த அஞ்சும் முன்பணம் வாங்காத வீடு. அதாவது ஏற்கனவே கொஞ்சம் தேறினவங்க. மிச்ச ஒன்பது வீட்டுக்கு 165 சொன்னா என்ன, 200 சொன்னா என்ன.

கடைக்காரரை வில்லனாக்கி எழுத எனக்கு மனசு வரலை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி பதினோரு மணிக்கு இருபதாயிரம் கொண்டுவந்து கொடுத்தது அவர்தான்.

11 மே 2025

காஷ்மீர் குங்குமப்பூவுக்குக் குறியீடு வந்து விவசாயி வருமானம் பல மடங்கு ஆச்சாமே, இங்க ஏன் ஆகலைனு கேட்டிருக்கீங்க. நான் அங்க போனதில்லை. ஆனா அங்க நடக்கிற முறையைப் படிச்சப்போ பொறாமையா இருந்தது. குறியீடு 2020ல வந்தது. அதோட பாம்போர்ல ஒரு மையம் இருக்கு. விவசாயி பூவைக் கொண்டு போனா ஆய்வகத்துல நிறம், வாசம், கசப்பு பார்த்துத் தரம் போடுறாங்க. அதுக்கப்புறம் மின்னணு ஏலம். வியாபாரி கை உள்ள போறதுக்கு முன்னாடியே சரக்குக்குத் தரச் சீட்டு வந்திருது. முத்திரை விவசாயி பக்கத்துலயே ஒட்டுது.

ஆனா அங்கயும் எல்லாத்தையும் குறியீடு கணக்குல எழுதாதீங்க. போன மாசம் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் பக்கம் இருக்கிற அட்டாரி எல்லையை மூடினாங்க, ஆப்கன் குங்குமப்பூ வர்றது நின்னுச்சு, காஷ்மீர்ச் சரக்கு கிலோ அஞ்சு லட்சத்தைத் தாண்டினதா செய்தி. எங்களுக்கு இலைப்பேன் செஞ்சதை அவங்களுக்கு எல்லைக் கதவு செஞ்சிருக்கு. நாலு வருஷம் கழிச்சு எவனாவது 'குறியீட்டால விலை உயர்வு'னு வரைபடம் போடுவான், பாருங்க. மார்ச் ரெண்டாந்தேதி நான் போட்ட மாதிரியே.

எங்க பக்கம் பரமக்குடி கிட்ட எட்டிவயல்ல மிளகாய் வணிக வளாகம் கட்டி, குளிர்பதனக் கிடங்கும் வச்சிருக்காங்க. கட்டடம் இருக்கு, இடம் இருக்கு. அங்கயே வாசல்ல ஈரம், நிறம் பார்த்து ஒரு தரச் சீட்டு கொடுத்து, அந்தச் சீட்டோட மூடை ஏலத்துக்குப் போகட்டும். அப்போ கலகலனு ஆட்டிப் பார்க்கிறவர் சொல்றது மட்டுமே விலை இல்லைனு ஆகும். இதைப் போன கூட்டத்துல கேட்டேன். குறிச்சுக்கிட்டாங்க. குறிச்சுக்கிறதுல குறையே வைக்கிறதில்லை.

1 ஜூன் 2025

பருவம் முடிஞ்சு களத்தைக் கழுவிட்டோம். தார்ப்பாய் விஷயத்தை எழுத மறந்துட்டேன்.

வெளிநாட்டுக்கு அனுப்பணும்னா முத்திரையைவிட முக்கியம் பூஞ்சை நஞ்சு. ஐரோப்பாவுல வத்தலுக்கு மொத்த அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், அதுக்கு மேல போனா கப்பலோட திரும்பும். நாங்க பரம்பரையா வெறும் மண்ணுல காயப்போடுறவங்க. பறிச்சதை ரெண்டு நாள் குமிச்சு மூடி வச்சு நிறம் ஏத்திட்டு, களத்துல பரப்புவோம். ராத்திரிப் பனி விழும், காலையில அடிப்பக்கம் ஈரம், அங்கதான் பூஞ்சை. இந்த வருஷம் பாதிச் சரக்கைத் தார்ப்பாய்ல போட்டேன், சாயங்காலம் மடிச்சு மூடினேன். மண்ணுல காய்ஞ்சதுல அஞ்சுக்கு ஒண்ணு சண்டு, தார்ப்பாய்ல பத்துக்கு ஒண்ணு. சண்டு கிலோ 40, நல்லது 130. நூறு கிலோவுக்குப் பத்து கிலோ சண்டுல இருந்து நல்லதுக்கு மாறுதுனா 900 ரூபா. நான் போட்டுப் பார்த்த எல்லாக் கணக்குலயும் இதுதான் பெரிசு. இதுக்குச் சென்னையில பதிவு, இதழ், ஆட்சேபணை ஒண்ணும் வேணாம். சாயங்காலம் மடிக்க ஆள்தான் வேணும், டிவி சீரியல் நேரம் வேற அது.

ஆனாலும் குறியீடு வீண்னு சொல்ல மாட்டேன். முன்னாடி 'வத்தல்'னு மட்டும் கேட்ட வியாபாரி இப்போ 'முண்டா?'னு கேக்கிறார். மண்டியில கூடுதல் தரலை, ஆனா பேரைச் சொல்றார். சம்பாவுக்கு மாறிரலாம்னு இருந்த எங்க பெரியப்பா மகன் இந்த வருஷமும் முண்டே போட்டான், காரணம் கேட்டா 'நம்மது பேப்பர்ல வந்ததுல'ங்கிறான். இதைக் கணக்குல எங்க எழுதுறதுனு எனக்குத் தெரியலை.

19 அக்டோபர் 2025

பதிவகத்துல இருந்து கடுதாசி வந்திருக்கு. பேர் ஏறப்போகுதுனு நினைச்சுப் பிரிச்சா, விண்ணப்பத்துல ஒரு ஆவணம் குறையுதாம். என்னனு பார்த்தா வாரிசுச் சான்று. சூரத் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். தீபாவளிக்கு வர முடியலையாம், பொங்கலுக்கு வர்றாராம்.

2 நவம்பர் 2025

விதைச்சாச்சு. சம்பா வயலுக்கு எதிர் மூலையில தனியா அரை ஏக்கர், போன வருஷம் நானே செடி பார்த்து எடுத்த விதை, நல்ல உருண்டை மட்டும். அதுக்கு முன்னாடி பத்து நாள் ஆட்டுக்கிடை போட்டோம். குழுவுல இருந்து மறுபடி வந்தாங்க, இந்தத் தடவை பதினைஞ்சு நாள்ல பணம்னு எழுதித் தர்றாங்களாம். சித்தி பழைய முந்நூறை வாங்கினபிறகுதான் தரம் பிரிக்க உக்காருவேன்னுட்டாங்க, கொடுத்துட்டேன். கம்மாய்ல இன்னும் தண்ணி வரலை, மேற்கால மேகம் கட்டுது. தம்பி, பிப்ரவரியில முதல் பறிப்பு. எடை போட்டதும் ரெண்டு சிட்டையையும் போட்டோ எடுத்து இங்கயே போடுறேன்.